மூன்றாவது சிலிண்டரில் ஒரு முடிச்சு

எரிந்து முடிந்த பெட்ரோலுக்கு ஒரு வாசனை. எரியாமலே வெளியேறிய பெட்ரோலுக்கு வேறு வாசனை. பச்சையாக, லேசான இனிப்பாக, தொண்டையின் பின்பக்கத்தில் எண்ணெய்போல் ஒட்டிக்கொள்ளும். போன வாரம் மூங்கில் மண்டபம் சிக்னலில் எனக்கு முன்னால் நின்றிருந்த ஒரு பழைய வேனின் புகைக்குழாயிலிருந்து அது வந்தது. கூடவே அந்தச் சத்தமும். தக், தக், பிறகு ஒன்றுமில்லை. தக், தக், ஒன்றுமில்லை. பச்சை விழுந்தது. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். நான் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, ஒரு வளையல் கடை வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

அக்கா இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

அவளுக்கு வலது கன்னத்தின் உட்புறம் புற்று. வாய் ஒரு விரற்கடைக்கு மேல் திறக்காது. அறுவைக்கு இடம் தராத இடம் என்றார்கள். கதிர்வீச்சு வைத்துப் பார்க்கலாம், வாரத்தில் ஐந்து நாள், ஏழு வாரம் என்றார்கள். சென்னைப் பக்கத்து ஆஸ்பத்திரி. டாக்டர் அழுத்திச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: இடையில் நாள் விடக்கூடாது. விட்டால் அந்த இடைவெளியில் அது மறுபடி தழைக்கும். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அக்கா அதை மந்திரம்போலப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையார்பாளையத்து வீட்டுக் காலண்டரில் ஒவ்வொரு நாளையும் மஞ்சளால் தொட்டு வைத்தாள்.

பஸ்ஸில் அவளால் உட்கார முடியவில்லை. வாடகைக் கார் வைத்தோம். மூன்றாவது நாள் அந்த ஓட்டுநர், ஒரு வார்த்தை பேசாமல், ஏசியை அணைத்துவிட்டு நாலு கண்ணாடியையும் இறக்கினார். புண்ணின் நாற்றம். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியவள், வீடு வரும்வரை திரும்பவே இல்லை. இறங்கியதும் சொன்னாள், இனி அடுத்தவர் வண்டியில் ஏறமாட்டேன் என்று. அவள் ஒன்றைச் சொல்லிவிட்டால் அது நெய்து முடித்த சேலை. பிரித்துக் கோக்க முடியாது.

அதனால்தான் அன்றைக்கே விசாரித்து நாங்களே ஒரு வேன் வாங்கினோம். பதினேழு வயதான, மூன்று சிலிண்டர் வேன். பின்சீட்டில் கால் நீட்டிப் படுக்கலாம். இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கினால் சூடும் எண்ணெயும் முகத்தில் அடிக்கும். வாங்கிய அன்று கோயில் வாசலில் நிறுத்தி, சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்து நசுக்கினோம். அக்கா சீட்டைத் தூக்கச் சொன்னாள். தலையைக் குனிந்து உள்ளே எதையோ கட்டினாள். மஞ்சள் தடவிய சின்ன நூல். வண்டிக்கு உயிர் இருக்கும் இடத்தில்தானே காப்பு கட்ட வேண்டும், ஸ்டியரிங்கில் கட்டி என்ன பிரயோஜனம் என்று கேட்டாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

இரண்டு வாரம் வண்டி பட்டுப்போல ஓடியது. மூன்றாவது வாரம் சுங்குவார்சத்திரத்துக்கு முன்னால் மேம்பாலம் ஏறும்போது முதல் உதறல். யாரோ கீழிருந்து எட்டி உதைப்பதுபோல. பின்சீட்டில் அக்காவின் தலை கதவில் மோதியது. அவள் கத்தவில்லை, கத்த அவளுக்கு வாய் இல்லை. மூக்கால் ஒரு சத்தம் விட்டாள். அதற்கப்புறம் ஒவ்வொரு ஏற்றத்திலும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். ஒரு நாள் பாதி வழியிலேயே திரும்ப வேண்டியதாயிற்று. காலண்டரில் மஞ்சள் தொட்ட ஒரு கட்டத்தின்மேல் அக்கா தன் கட்டைவிரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

செவிலிமேட்டில் ஒரு மெக்கானிக். நல்ல மனுஷன், நெற்றி நிறைய திருநீறு. மிஸ்ஸிங் அடிக்குது சார், பிளக் போயிருக்கும் என்றார். மூன்று பிளக்கும் புதிது போட்டார். ஒரு நாள் சரியாக ஓடி, அடுத்த நாள் தூறலில் மறுபடி உதறியது. கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார், இரண்டு நாள் அவர் ஷெட்டிலேயே நின்றது. பெட்ரோலில் தண்ணீர் என்றார், டேங்க்கைச் சுத்தம் செய்தார், இன்னொரு நாள் போனது. பாதி வழியில் திரும்பியதையும் சேர்த்து மொத்தம் நாலு நாள். வண்டி ஷெட்டில் நின்ற நாளெல்லாம் அக்கா குளித்து, புடவை மாற்றி, ஆஸ்பத்திரி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆட்டோ பிடித்துவிடலாம் என்றேன். தலையை மட்டும் அசைத்தாள். நான் இன்னும் அதட்டியிருக்க வேண்டும். தூக்கிக்கொண்டாவது போயிருக்க வேண்டும். போகவில்லை.

அடுத்த நாள் காலையில் யாரோ ஓரிக்கை ரோட்டில் ஒரு மெக்கானிக் பாய் இருப்பதாகச் சொன்னார்கள். காதாலேயே பார்ப்பார், அவசரப்படமாட்டார் என்றார்கள். சரி செய்த கையோடு அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடலாம் என்று அக்காவையும் படுக்கவைத்துக்கொண்டு போனேன். மூன்று மணிக்குள் போனால் அன்றைய முறை கிடைக்கும்.

பாய்க்கு அறுபது இருக்கும். தகரக் கொட்டகை, வேப்பமரம், பழைய டயர்கள். வணக்கத்துக்குப் பதிலாக இன்ஜினை அணைக்காதே என்று கையால் காட்டினார். புகைக்குழாய்க்குப் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையைப் புகைக்கு நேராகப் பிடித்தார். பிறகு கையை முகர்ந்தார். பிறகுதான் பின்சீட்டில் ஆள் படுத்திருப்பதைப் பார்த்தார். அந்த நாற்றம் அவருக்கும் போயிருக்கும். முகத்தில் ஒன்றும் காட்டாமல், வெயில் பக்கமிருந்த கதவுக்கு ஒரு சாக்கை மாட்டிவிட்டு வந்தார்.

சீட்டைத் தூக்கினார். இடுக்கியில் துணி சுற்றிக்கொண்டு, ஓடுகிற இன்ஜினில் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். முதல் ஒயரைப் பிடுங்கியதும் இன்ஜின் தடுமாறிச் சாகப் பார்த்தது. மாட்டினார். இரண்டாவதுக்கும் அப்படியே. மூன்றாவதைப் பிடுங்கினார். ஒரு மாற்றமும் இல்லை. அதே தக், தக், ஒன்றுமில்லை.

"இவன்தான். இவன் வேலைக்கே வர்ல. மத்த ரெண்டு பேரும் இவனையும் சேத்து இழுத்துக்கினு போறானுங்க" என்றார்.

பின்சீட்டிலிருந்து அக்கா மூக்கால் சிரித்தாள். வாரக்கணக்கில் கேட்காத சத்தம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடும்.

மூன்றாவதின் பிளக்கைக் கழற்றி முதலாவதில் போட்டார். அங்கே அது ஒழுங்காக எரிந்தது. அப்போது பிளக் குற்றமில்லை. பிளக் குழியில் கட்டைவிரலை வைத்து அமுக்கிக்கொண்டு என்னைச் சாவி திருப்பச் சொன்னார். விரலைக் காற்று தூக்கி எறிந்தது. அப்போது சிலிண்டரிலும் குற்றமில்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது, தீ மட்டும் அங்கே போய்ச் சேரவில்லை. வழியில் எங்கோ கசிகிறது. வெளிச்சத்தில் அது தெரியாது, இருட்டு வேண்டும் என்றார் பாய். பகல் பதினொரு மணி. லாரிக்குப் போடும் தார்ப்பாய் ஒன்றை எடுத்து வந்து, வேனின் முன்பக்கம் முழுதும், எங்கள் தலைக்கு மேலாகவும், போர்த்தினார். உள்ளே அவரும் நானும் இன்ஜின்மேல் குனிந்திருந்தோம். அக்கா பின்சீட்டில் எழுந்து உட்கார்ந்து, முன்சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். மூன்று பேர் மூச்சும் சூடும் ஒரே இருட்டுக்குள்.

சாவியைத் திருப்பினேன்.

அழகாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கப்படுகிறேன், ஆனாலும் அப்படித்தான் இருந்தது. மூன்றாவது ஒயரின் நடுவில் ஒரு நீலப் பொறி பிறந்து, மயிரிழை அகலத்தில், சுற்றிச் சுற்றி இறங்கி, பக்கத்துப் போல்ட்டில் போய் மறைந்தது. மறுபடி பிறந்தது. நூல் ஒன்று தன் நீளம் முழுதும் பல் தெரியச் சிரிப்பதுபோல. இருட்டில் மின்னியது நூலே அல்ல, அதன்மேல் சுற்றியிருந்த வெள்ளி.

சரிகை.

இன்ஜின் மட்டும் விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. பிறகு அக்கா, அந்தத் திறக்காத வாயால், ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

"அது நான் கட்டுனது."

பாய் சாவியை அணைக்கச் சொன்னார். தார்ப்பாயை விலக்கினார். வெயில் உள்ளே விழுந்ததும் அது வெறும் அழுக்குக் கயிறாகிவிட்டது. எண்ணெயும் மஞ்சளும் படிந்து, ஒயரில் ஏழெட்டுச் சுற்று, பிறகு போல்ட்டில் ஒரு முடிச்சு. முப்பது வருஷமாகச் சரிகைக் கடைக்கு நூல் சுற்றிக் கொடுத்தவள் அவள். வேறு வீட்டில் மஞ்சள் நூல் என்றால் பருத்தி. எங்கள் வீட்டில் கைக்கு முதலில் வருவது சரிகை. அதுவும் சாமிக்கு என்றால் இருப்பதில் உயர்ந்தது. கட்டிய அன்று ஒயரின் ரப்பர் நன்றாக இருந்தது. பழைய ரப்பர், சூட்டில் அந்தச் சுற்றுக்கு அடியிலேயே வெடித்திருக்கிறது. வெடிப்பு வழியாக வந்த தீ, வெள்ளிமேல் ஏறிப் போல்ட்டுக்குப் போய்விட்டது.

செவிலிமேட்டுக்காரர் அதைப் பார்த்திருந்தார். பிறகொரு நாள் கேட்டேன். மூன்று தடவையும் பார்த்தேன் சார், சாமி சமாச்சாரம், கை வைக்கலாமா என்றார். ஒவ்வொரு தடவையும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் பிளக்கைக் கழற்றினாராம். அவரைச் சொல்லி என்ன. இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றச் சீட்டைத் தூக்கும்போதெல்லாம் நானும்தான் பார்த்தேன். நானும்தான் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

பாய் கையில் கத்திரி இருந்தது. வெட்டாமல் நின்றார்.

"கட்டுன கையே அவுக்கட்டும்மா. நான் வெட்டுனா எனுக்கு ஒரு மாதிரி இருக்கும்" என்றார்.

அக்கா இறங்கி வந்தாள். நான் தாங்கப் போனேன், தட்டிவிட்டாள். அது தறிக்காரர் முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். சாதாரணமாக அதை அவள் குனிந்து கோரைப்பல்லால் ஒரு கடி கடித்துத் துப்பிவிடுவாள். அவளைப்போல நூல் கடிப்பவர்கள் எங்கள் தெருவில் இல்லை. பழக்கத்தில் குனிந்தாள். ஒயருக்கு ஒரு சாண் தூரத்தில் முகம் நின்றது. வாய் திறக்கவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் குனிந்தபடி இருந்தாள். பிறகு நிமிர்ந்து, நகத்தால், சுற்றுச் சுற்றாகப் பிரிக்கத் தொடங்கினாள். கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டு நகம் உடைந்தது. பாய் வேப்பமரத்தடியில் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

அவிழ்ந்ததை வாங்கி, பாய் விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். உள்ளே சிவப்புப் பட்டு தெரிந்தது. அவர் வீட்டிலும் சரிகை சுற்றியவர்கள்தானாம்.

"அசலு. பிளாஸ்டிக் சரிகையா இருந்திருந்தா வண்டி பாட்டுக்கு ஓடிக்கினு இருந்திருக்கும்மா. நீங்க தரம் பாத்துக் கட்டிட்டீங்க."

ஆறுதலாகத்தான் சொன்னார். அக்கா சிரிக்க முயன்றாள், கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

புது ஒயர் போட்டார். சாவியைத் திருப்பியதும் மூன்று பேரும் வேலைக்கு வந்துவிட்டார்கள். எந்த ஏற்றத்திலும் உதறல் இல்லை. இரண்டரைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம், அன்றைய முறை கிடைத்தது. மிச்ச முறைகளும் கிடைத்தன. விட்ட நாலு நாளையும் கடைசியில் சேர்த்து வைத்தார்கள். அவள் காலண்டரைக் கழற்றிப் பரணில் போட்டாள்.

புண் ஆறியது. ஒரு மாதம், இரண்டு மாதம் கஞ்சியைத் தானே குடித்தாள். பிறகு கழுத்தில், காதுக்குக் கீழே, நெல்லிக்காய் அளவில் அது வந்தது. பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள்.

மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, அவள் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மதியத்தில் டாக்டரின் அறைக்குத் தனியாகப் போய்க் கேட்டேன். அந்த நாலு நாளாலா? அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். இன்றைக்கும் எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாமல் அதைத் தூக்கிக்கொண்டுதான் திரிகிறேன்.

பெண்கள் வார்டில் பார்வை நேரம் முடிந்தால் ஆண்கள் வெளியே போய்விட வேண்டும். அன்று மாலை நர்ஸ் இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போனார். எழுந்தேன். அக்கா என் சட்டை நுனியைப் பிடித்தாள். குரல் அநேகமாக இல்லை. காதை அவள் உதட்டருகே கொண்டுபோனேன்.

"டாக்டர கேட்டியாமே. இன்னா சொன்னாரு?"

யார் சொல்லியிருப்பார்கள் என்று தெரியவில்லை. அவள் கண் என் முகத்தில் இருந்தது. சரிகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் கண்.

"அதனால இல்லன்னாருக்கா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லயாம்."

வெகுநேரம் பார்த்தாள். பிறகு சட்டையை விட்டாள்.

"சரிடா. போயி எதுனா சாப்ட்டுட்டு வா."