ஆறு பெயர் எழுத வேண்டிய இடம்

முதலில் என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ரங்கூனுக்கு வந்த பிறகு இத்தனை ஆண்டுகளாகத் தமிழில் எழுதியதெல்லாம் கடைச் சிட்டைதான்; கயிறு இத்தனை கட்டு, தார்ப்பாய் இத்தனை கஜம். ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள். யாரை எந்தப் பெயரில் கூப்பிடுவது என்று இன்னும் தடுமாறுகிறேன். நம் ஜமாத் மலருக்கு வெளிநாட்டில் இருப்பவர்கள் எழுதலாம் என்று மச்சான் தகவல் அனுப்பினார். துபாயிலும் மலேசியாவிலும் இருப்பவர்களைப் போல எழுத என்னிடம் பெருமை ஒன்றும் இல்லை. பிள்ளைகளைப் படிக்கவைக்கும் வாப்பாமார்களுக்குச் சொல்ல ஒரு விஷயம் மட்டும் இருக்கிறது.

இந்த ஊரில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். ஆனால் முக்கால்வாசி வண்டிகள் ஜப்பானில் ஓடிப் பழசாகி வந்தவை. அங்கே நம் ஊரைப் போல இடப்பக்கம் ஓடுவதற்காகச் செய்தவை. அதனால் பஸ் ஓரமாக நின்றால் அதன் கதவு நடுரோட்டைப் பார்த்துத் திறக்கும். சில பஸ்களில் மறுபக்கத்தை வெட்டிப் புதுக் கதவு வைத்திருக்கிறார்கள். என் மகள் ஷமீமா ஏறும் தொழிற்சாலை வண்டிக்கு வைக்கவில்லை. தாகேதாவில் எங்கள் தெருமுனைக்கு அது வரும்போது நான் அவளோடு நடந்துபோய், பின்னால் வரும் வண்டிகளுக்குக் கை காட்டியபடி நடுரோட்டில் நிற்பேன். அவள் ஏறியதும் கையை இறக்குவேன். பத்தொன்பது வயதுப் பெண். “வேண்டாம் வாப்பா, எல்லாரும் சிரிக்கிறாங்க” என்பாள். நான் கேட்பதில்லை. வண்டி நகரத்தைத் தாண்டி லைங் தாயாவுக்குப் போகும். அங்கே ஒரு சட்டைத் தொழிற்சாலையில், தைத்து வரும் சட்டைகளில் பொத்தானும் தையலும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறாள். பள்ளியில் கணக்குப் பாடத்தில் அவளை முந்த ஆள் கிடையாது.

நான் 1989இல் மாமாவின் கடைக்கு வேலையாளாக வந்தவன். அப்போது இங்கே கல்லூரிகள் பூட்டிக் கிடந்தன. பிறகும் திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தன. அடுத்த ஆண்டு மா நூரை நிக்காஹ் செய்துவைத்தார்கள். அவளுடைய வாப்பா நம் கடற்கரைக்காரர், தாய் பர்மியப் பெண். அவளுக்குத் தமிழ் விளங்கும், பேச்சு பர்மிய மொழிதான். என்னை ‘கோ சுல்தான்’ என்று இந்த ஊர் மரியாதையில் கூப்பிடுவாள். மகளுக்கும் பேச்சு பர்மிய மொழிதான். ‘வாப்பா’ என்ற சொல்லைச் சுற்றிக் கொஞ்சம் தமிழ் வைத்திருக்கிறாள். முழுக் குடிமக்கள் இல்லை என்று காட்டும் எங்கள் அடையாள அட்டையின் நிறத்துக்கு இங்கே டாக்டர் படிப்பும் என்ஜினியர் படிப்பும் கிடைக்காது. அதனால்தான் அவள் இங்கே பள்ளியின் கடைசி வகுப்பான பத்தாவது முடித்த ஆண்டில் அந்த வெளிநாட்டு உதவித்தொகை வந்தபோது எங்கள் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது.

அதன் முறை இதுதான். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளில் நன்றாகப் படிப்பவர்களை அந்த அமைப்பு எடுத்துக்கொள்ளும். எளிதில் இடம் கிடைக்காத பெரிய கல்லூரிகள் சில அதில் சேர்ந்திருக்கின்றன. பிள்ளை தனக்குப் பிடித்த வரிசையில் ஆறு கல்லூரிகள்வரை எழுதலாம். கல்லூரிகளும் தங்களுக்குப் பிடித்த பிள்ளைகளை எழுதும். இரண்டையும் வைத்து அமைப்பு பொருத்தம் பார்க்கும். பொருந்திவிட்டால் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு, விமானம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனால் பொருந்திய பிறகு மாட்டேன் என்று சொல்லக் கூடாது; அதற்குப் பெற்றவர்கள் முன்கூட்டியே சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். மகள் இதைப் பாதி பர்மிய மொழியிலும் பாதி தமிழிலும் விளக்கியபோது, என் காதில் விழுந்தது பொருத்தம், சம்மதம், மறுக்கக் கூடாது என்ற மூன்று மட்டும்தான். மா நூர் சிரித்தாள். “கோ சுல்தான், உம்ம மகளைப் படிக்கக் கூப்பிடுறாங்களா, பொண்ணு கேட்டு வர்றாங்களா?” என்றாள். நானும் சிரித்தேன். ஆனால் என் மனம் வேறு இடத்துக்குப் போய்விட்டது.

ஊரில் என் அக்கா ஜமீலா லாத்தாவைப் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து வாக்குக் கொடுத்து, சீனி வழங்கி, தெருவில் எல்லோருக்கும் தெரிந்த பிறகு, அவர்கள் அதே மாதத்தில் வேறு இரண்டு வீட்டிலும் பேசி வைத்திருந்தது வெளியே வந்தது. அதில் ஒரு வீட்டுக்கே போய்விட்டார்கள். லாத்தா அதன் பிறகு கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். வாப்பா பள்ளிவாசலில் கடைசி வரிசையில் நின்று தொழ ஆரம்பித்தார்கள். அப்போது நான் சிறுவன். ஒரே நேரத்தில் பல வீட்டுக்கு வாக்குக் கொடுப்பவன் மனிதனே இல்லை என்பதை ஐந்து வகுப்புப் பாடத்தைவிட ஆழமாகப் படித்துக்கொண்டேன்.

பெற்றவர்களைக் கூப்பிட்ட நாளில் மகளோடு அந்த அமைப்பின் மாடி அறைக்குப் போனேன். பொறுப்பில் இருந்தவர் டோ மியா என்ற பர்மிய அம்மா. என் வயது இருக்கும், பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். மேசையில் தாள் இருந்தது. ஆறு பெயர்களையும் ஷமீமா பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். நான் அந்நியர்களிடம் பேசக் கூசுகிறவன். அன்று எங்கிருந்தோ தைரியம் வந்து, என் உடைந்த பர்மிய மொழியில் கேட்டேன், இந்த ஆறு இடத்துக்கும் நாங்கள் வருவோம் என்று வாக்குக் கொடுக்கிறோமா என்று. ஆமாம், ஆறுக்கும்தான் என்றார் அவர். ஒரு இடத்துக்குப் போய்விட்டால் மற்ற ஐந்து பேருக்கு என்ன பதில் என்று கேட்டேன். அவர் கேள்வி புரியாமல் மகளைப் பார்த்தார். நான் தொடர்ந்து சொன்னேன், நாங்கள் அப்படிப்பட்ட ஆட்கள் இல்லை, என் மகள் ஒரு இடத்தைச் சொன்னால் அந்த இடத்துக்குத்தான், எங்களுக்கு ஒன்று போதும் என்று. டோ மியா தாளில் இருந்த பென்சில் எழுத்துகளை ஒருமுறை பார்த்தார். பிறகு புன்னகைத்து, “நல்லதுங்க” என்றார். என்னை மதித்துத்தான் அப்படிச் சொன்னார் என்று எனக்கு மனம் நிறைந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

திரும்பும்போது தாகேதா பாலத்தின் மேல் பஸ் நின்று நின்று போனது. ஷமீமா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்திருந்தாள்.

“வாப்பா, அது கல்யாணம் இல்ல” என்றாள்.

“தெரியும்மா. ஆனாலும் வாக்குதானே” என்றேன்.

அவள் மறுநாள் ஐந்து பெயர்களை ரப்பரால் அழித்துவிட்டு, முதல் பெயரை மட்டும் மையால் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த ஆறில் சேர்வதற்கு மிகக் கடினமானது அதுதான் என்று எனக்குத் தெரியாது. பிடித்தது எது என்றுதான் கேட்டிருந்தேன். அவளும் உண்மையைச் சொல்லியிருந்தாள்.

அந்தக் கல்லூரி அவளை எடுக்கவில்லை. அவளோடு படித்த ஏ ஏ மோ என்ற பெண், கணக்குக்காக எங்கள் வீட்டுக்கு வந்து ஷமீமாவிடம் கற்றுக்கொண்டு போனவள், ஆறும் எழுதியிருந்தாள். நாலாவது கல்லூரி அவளுக்குப் பொருந்தியது. அவளை வழியனுப்ப மிங்கலாடோன் விமான நிலையத்துக்கு ஷமீமாதான் போனாள். வந்து, விமானம் இரைந்த இரைச்சலை மட்டும் சொன்னாள். அடுத்த ஆண்டு மறுபடி எழுதலாம் என்று நினைத்திருந்தோம். அதற்குள் அமைப்பு இந்த நாட்டைவிட்டே போய்விட்டது. மாடி அறையில் இப்போது துணிக்கடைக் கிடங்கு.

போவதற்கு முன் டோ மியா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த நாலாவது கல்லூரி கணக்கில் கெட்டிக்காரப் பெண்ணைத்தான் தேடியது, ஷமீமா அந்தப் பெயரை எழுதியிருந்தால் அவளைத்தான் முதலில் எடுத்திருப்பார்கள் என்றார். ஆறு கல்லூரிகளுக்கும் இந்த முறை தெரியும், யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை என்றும் அப்போதுதான் சொன்னார். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று மா நூர் கேட்டாள். “அனாடே” என்றார், தலையைக் குனிந்துகொண்டு. எதிரில் இருப்பவரின் முகம் வாடிவிடுமே என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொள்ளும் கூச்சத்துக்கு இங்கே அந்தப் பெயர். “உங்க அப்பா அவ்வளவு கௌரவமாப் பேசினாரு. பிள்ளை முன்னால எப்படித் தப்புன்னு சொல்றது?” என்று ஷமீமாவைப் பார்த்துச் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நம் ஊர் வழக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன், அவர் ஊர் வழக்கத்தை அவர் பிடித்துக்கொண்டார். இரண்டுமே நல்ல வழக்கம்தான். நடுவில் இருந்தவள் என் மகள்.

உங்கள் வீட்டுக்கு இப்படி ஒரு தாள் வந்தால், பிள்ளைகளை எத்தனை பெயர் எழுதலாமோ அத்தனையும் எழுதவிடுங்கள். படிப்பைக் கேட்பது பெண் கேட்பது போல அல்ல. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன வாரம் தெருமுனையில் வண்டிக்காக நிற்கும்போது, நெடுநாளாகத் தொண்டையில் இருந்ததைக் கேட்டேன். “அன்னைக்கு நீ எனக்குத் தெரியாம ஆறையும் எழுதியிருக்கலாம்லம்மா? எனக்கு அந்த எழுத்தெல்லாம் படிக்கவா தெரியும்?”

“கீழ நீங்க கையெழுத்து போட்டுட்டீங்க. மேல நான் வேற எழுதினா, உங்க வாக்கு பொய்யாயிடும்ல, வாப்பா” என்றாள்.

அதற்குள் வண்டி வந்துவிட்டது. நான் அவசரமாக ரோட்டில் இறங்கினேன். இத்தனை ஆண்டுகள் ஆகியும் ரோட்டில் கால் வைக்கும்போது என் தலை முதலில் வலப்பக்கம்தான் திரும்புகிறது, ஊர்ப் பழக்கம். இங்கே வண்டிகள் இடப்பக்கமிருந்து வரும். “வாப்பா, இந்தப் பக்கம்” என்று ஷமீமா என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டு ஏறிப்போனாள். வண்டி போன பிறகும் நான் நீட்டிய கையோடு நின்றிருந்தேன்.

இன்று வண்டி இல்லை. நோன்போடு அவள் உள்ளே தூங்குகிறாள்.

தாகேதா, ரங்கூன்.
2010 ஆகஸ்ட் 22, ஞாயிற்றுக்கிழமை.