எர்ணாவூர் விடைக்கோழிகள்

எனக்குக் கல்யாணம் ஆன மறுவாரம் மாமனார் எர்ணாவூரிலிருந்து மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். கையில் ஒரு கூடை. கூடைக்குள் நான்கு விடைக்கோழிகள். முட்டையிடும் பருவத்துக்கு இன்னும் வராத பெட்டைகளை அப்படித்தான் சொல்வோம். நான்கும் சுத்த வெள்ளை.

"பொண்ணு இல்லாம இதுங்க தீனியே எடுக்கல மாப்ள. வூடு பூரா அதத் தேடிக்கினு சுத்துதுங்க. எனக்குப் பேஜாராப் பூட்சி" என்றார். அண்ணி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்த வண்டியிலேயே திரும்பிப் போனார். என் மனைவி கூடையைத் திறந்ததும் நான்கும் அவள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டன. குஞ்சாக இருந்ததிலிருந்து அவள் கையில் தின்று வளர்ந்தவை.

திருவொற்றியூரில் நாங்கள் இருந்தது அண்ணன் வீடு. அண்ணனுக்கு ஹார்பரில் வேலை, எனக்குத் தீப்பெட்டிக் கம்பெனியில். வீட்டை நடத்தியது அண்ணி. பின்பக்கத்து மணலில் அண்ணிக்கு ஏழெட்டுக் கோழிகள் இருந்தன. எல்லாம் சிவப்பும் கறுப்புமாக இருக்கும். தலைவி மட்டும் வெள்ளை. வெள்ளச்சி என்று பெயர். தவிட்டில் கருவாட்டுத் தூளைப் பிசைந்து வைத்தால் வெள்ளச்சி வாய் வைத்த பிறகுதான் மற்றவை கிட்டே வரும். சாயங்காலம் அது கூண்டுக்குள் நுழைந்த பிறகுதான் மற்றவை நுழையும்.

அண்ணி புதுக்கோழிகளை ஒரு பார்வை பார்த்தாள்.

"தோ பாரு, எங்கிட்ட கீறது ஒரே கூண்டு. இன்னொண்ணு போட எடமும் கெடையாது. எங்கோழிங்களோட ஒத்துப் போச்சுன்னா இருந்துட்டுப் போட்டும். ஞாயித்துக்கெயமக்குள்ள ஒத்துப் போவல, கொயம்புதான். சொல்லிட்டேன்."

மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. "சரிக்கா" என்று மட்டும் சொன்னாள். நான் அதுகூடச் சொல்லவில்லை. என் சுபாவம் அது. பெண் பார்க்கப் போன அன்று நான் பார்த்தது காபி டம்ளரை மட்டும்தான். கல்யாணமாகி அதுவரை மனைவியிடம் நான் பேசியதெல்லாம் 'தண்ணி', 'போதும்' என்கிற இரண்டு வார்த்தைகள்.

ஆனால் அவளுக்குக் கோழி தெரியும். புதுக்கோழியை எடுத்த எடுப்பில் அவிழ்த்துவிட்டால் பழைய கோழிகள் கொண்டையைக் கிழித்துவிடும். அதனால் பஞ்சாரத்தை, அதாவது கோழியைக் கவிழ்த்து மூடுகிற பெரிய மூங்கில் கூடையை, மணலின் நடுவில் வைத்து நான்கையும் அதற்குள் விட்டாள். பழசுகள் சுற்றிச் சுற்றி வந்தன. மூங்கில் இடுக்கு வழியாக மூக்கை நீட்டிக் கொத்தின. வெள்ளச்சி கூடைமேலேயே ஏறி நின்றது. இரண்டு மூன்று நாளில் அவற்றுக்கு அலுத்துவிட்டது. கூடைக்குப் பக்கத்திலேயே மண்ணைக் கிளறிக் குளிக்க ஆரம்பித்தன.

"மூஞ்சி பயகிடுச்சி. இனிமே ஒண்ணும் பண்ணாதுங்க" என்று மனைவி கூடையைப் பார்த்துச் சொன்னாள். எனக்காகச் சொன்னது என்று புரிந்தது. நான் துணிக்கொடிக் கம்பத்தைப் பார்த்துத் தலையாட்டினேன்.

திறந்துவிட வேண்டிய நேரத்தில் அண்ணி, "அடையாளம் போடாமலா வுடப் போற? நம்ம சந்துல அடையாளம் இல்லாத கோயி அடுத்த வூட்டு அடுப்புல கீது" என்றாள். வாஸ்தவம். சந்து முழுக்க எல்லா வீட்டுக் கோழிகளும் ஒன்றாகத்தான் மேயும். ஒரு வீட்டுக்குப் பச்சைச் சாயம், ஒரு வீட்டுக்கு நீலம். அண்ணியின் கோழிகளை ஊரே அறியும் என்பதால் அவற்றுக்குத் தேவைப்படவில்லை.

சாயப்பொடி வாங்க என்னை அனுப்பினார்கள். கடைக்கார பாய், "கோழிக்கா? அப்ப ரோஸ் எடுத்துக்கோ தம்பி. கடல்ல போற கப்பல்காரனுக்கும் தெரியும்" என்று பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

மனைவி நான்கின் இறக்கையையும் வாலையும் சாயத்தில் முக்கி எடுத்து, காயவைத்து, பஞ்சாரத்தைத் தூக்கினாள். அவ்வளவுதான். வெள்ளச்சி பாய்ந்தது. பின்னாலேயே மொத்தப் படையும் பாய்ந்தது. நான்கையும் மீட்டுத் திரும்பக் கூடைக்குள் போடுவதற்குள் ஒன்றின் கொண்டையில் ரத்தம்.

"வெள்ளக் கோயியப் பாத்துத்தான அதுங்க பயகுச்சி? இப்ப இது யாரோ, இன்னாவோன்னு நெனச்சிக்கிச்சிங்க" என்று மனைவி அழுதாள். சீயக்காய் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். இறக்கையிலும் வாலிலும் மட்டும் இருந்த ரோஸ் உடம்பெல்லாம் பரவியது.

சனிக்கிழமை கம்பெனியில் அரைநாள். நான் வந்தபோது அண்ணி தண்டையார்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். மனைவி பஞ்சாரத்துக்கு எதிரே மணலில் உட்கார்ந்திருந்தாள். சாப்பிட்ட மாதிரி தெரியவில்லை. எனக்கு எங்கிருந்து பேச்சு வந்ததோ தெரியாது.

"எல்லாத்துக்கும் பூசிட்டா இன்னா?"

"இன்னாது?"

"சாயம். மீதி கீதுல்ல? அண்ணி கோயிக்கும் பூசிட்டா எல்லாம் ஒரே நெறம்."

"அக்கா கொன்னுடுவாங்க!"

"நாளிக்கி கொயம்பு வெச்சிடுவாங்க."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொத்தியும் அடங்கவில்லை.

நொய்யரிசியை இறைத்து, வந்ததை ஒவ்வொன்றாகப் பிடித்தோம். அவள் பிடித்தாள் என்பதே சரி. நான் மணலில் விழுந்துகொண்டிருந்தேன். சிவப்பிலும் கறுப்பிலும் சாயம் தெரியவே இல்லை. வெள்ளச்சியின்மேல்தான் பிடித்தது. திருவிழாவுக்குப் புறப்பட்ட மாதிரி தகதகவென்று நின்றது.

மற்ற கோழிகள் அதைப் பார்த்தன. ஒரு சிவப்புக் கோழி கழுத்துச் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு வந்து ஓங்கிக் கொத்தியது. தலைவிக்கு நம்ப முடியவில்லை. இன்னொன்றும் கொத்தியது. வெள்ளச்சி ஓட்டம் பிடித்தது. வேறு வழி தெரியாமல் மனைவி பஞ்சாரத்தைக் கொஞ்சம் தூக்க, அது உள்ளே புகுந்து எர்ணாவூர்க்காரிகளோடு நின்றது.

நான் பிரித்துவிடக் குனிந்தேன். ஆனால் உள்ளே சண்டை நடக்கவில்லை. வெள்ளச்சி நான்கின் தலையிலும் ஒவ்வொரு கொத்து வைத்தது. நான்கும் தலையைத் தாழ்த்தின. அதற்குமேல் பேச்சில்லை. கொஞ்ச நேரத்தில் ஐந்தும் ஒட்டி உட்கார்ந்துகொண்டன.

வெயில் சாய்ந்ததும் கூடையைத் தூக்கினோம். வெள்ளச்சி முன்னால் வர, நான்கும் பின்னால் வந்தன. அந்தச் சிவப்பு மறித்தது. வெள்ளச்சி எகிறி அடித்த அடியில் அது வேலி ஓரத்துக்குப் போய்விட்டது. ஐந்து ரோஸ் கோழிகளும் வரிசையாகக் கூண்டுக்குள் நுழைந்தன. மற்றவை தயங்கி நின்று பிறகு நுழைந்தன.

"அடிப்பாவிங்களா!"

பின்வாசலில் அண்ணி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ. "எவடி எங்கோயிக்கு, வயசுக்கு வந்த பொண்ணாட்டம் மஞ்சத்தண்ணி சுத்துனது?"

மனைவி வாயைத் திறப்பதற்குள், "நான்தான் அண்ணி. நான்தான் பூசச் சொன்னேன்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

அண்ணி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஊமன்னுல்ல நெனச்சிகினு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். குழம்பா இல்லையா என்பதைச் சொல்லவில்லை.

ஞாயிறு காலையில் அம்மியில் மசாலா அரைக்கும் சத்தம் கேட்டது. அரிவாள்மணையும் வெளியே வந்திருந்தது. மனைவி சுவரோரம் நின்றாள். அண்ணி கையைக் கழுவிக்கொண்டு பின்வாசலுக்குப் போய் வெகுநேரம் பார்த்தாள். தவிட்டுச் சட்டியில் வெள்ளச்சி கொத்திக்கொண்டிருந்தது. அதன் இரண்டு பக்கமும் விடைகள். மற்றவை முறைக்காகக் காத்திருந்தன.

"கலீஜ் பண்ணி வெச்சிகிறீங்க" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "இன்னா மரமாட்டம் நிக்கிற? மசாலா அரச்சாச்சி, வீணாப் போவும். கடலாண்ட போயி மீன் வாங்கினு வா" என்றாள்.

மனைவி சமையலறைக்கு ஓடிப் பையை எடுத்து வந்தாள். வாசல்வரை வந்து, இந்த முறை கூடையைப் பார்க்காமல் என்னையே பார்த்து, "எறா கெடச்சா எறாவும்" என்றாள்.