முதல் காட்சியில் சாகும் இன்ஸ்பெக்டர்

எங்கள் தொலைக்காட்சி நாடகத்தில் இன்ஸ்பெக்டர் ஒரு தடவைகூட ஓடியதில்லை. ஓடினால் ஸ்டூடியோவில் நிறுத்திவைத்த பலகைச் சுவர் ஆடும். அதனால் திருடன் தப்பிவிட்ட செய்தியைக் கான்ஸ்டபிள் வந்து சொல்வார்; இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு நிதானமாக வெளியே நடப்பார்; அடுத்த காட்சியில் திருடன் ஸ்டேஷன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். அதை எழுதியவன் நான். அந்த நடையைச் சனங்கள் கம்பீரம் என்றார்கள். நான் ஏன் மறுக்கப்போகிறேன்?

இன்ஸ்பெக்டராக நடித்தவரை நான் அண்ணன் என்பேன்; பினாங்கு துறைமுக ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளிக் குடியிருந்தார். நாடகம் நின்று பல வருஷமாகியும் மீன் கடையில் அவருக்குத் தனி மரியாதை. ஆபீசில் அவரை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை என்பதால், அந்த மரியாதை அவருக்குச் சோற்றைப்போல வேண்டியிருந்தது.

தொண்ணூறுகளில் ஓர் இளம் இயக்குநர் வந்து, நாடகத்தை மாடர்ன் ஆக்‌ஷன் படமாக எடுக்கிறேன் என்றார். படம் என்ற சொல்லுக்கே நான் மயங்கிப்போனேன். அவர் நீட்டிய ஒப்பந்தத் தாளில் என்ன இருக்கிறது என்றுகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, நேராக அண்ணனிடம் ஓடினேன்.

"நாந்தானே இன்ஸ்பெக்டரு?" என்று கேட்டார்.

"வேற யாருண்ணே?"

இந்த வாயை அன்றைக்கே தைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையிலிருந்து அவர் தண்ணீர்மலைப் பூங்காவில் ஓட ஆரம்பித்தார். வயது ஐம்பத்து மூன்று. சிகரெட்டை விட்டார், ரொட்டி சானாயை விட்டார். "ஆக்‌ஷன் படம்னா ஓடணும்லா" என்றார். அவர் மனைவி என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இந்த வயசுல என்னா ஓட்டம் தம்பி இது, நீங்களாச்சும் சொல்லுங்க" என்பார். புகார்தான், ஆனால் சிரித்துக்கொண்டே சொல்வார்.

இரண்டு வாரம் கழித்து இயக்குநர் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, பழைய இன்ஸ்பெக்டர முதல் சீன்லயே முடிச்சிருவோம். அவரு மகன்தான் ஹீரோ. கராத்தே தெரிஞ்ச பையன். அப்பாவுக்காகப் பழி வாங்குறான்."

"இன்ஸ்பெக்டருக்குக் கல்யாணமே ஆகலயே, தம்பி."

"இப்ப ஆயிருச்சு."

கத்தினேன், கெஞ்சினேன். கையெழுத்துப் போட்ட தாளை அவர் எடுத்துக் காட்டினார். நான் எழுதாவிட்டால் வேறு ஆள் எழுதுவார் என்றார். வேறொருவன் அண்ணனைக் கொல்வதைவிட நானே கொல்வது மேல் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு எழுதினேன். சாகும்முன் அவர் பேச ஒரு பக்க வசனம் வைத்தேன். வெடிச் சத்தத்தில் கேட்காது என்று அதையும் அடித்துவிட்டார்கள்.

கதை ரகசியம் என்று நடிகர்கள் யாருக்கும் முழுதாகக் கொடுக்கவில்லை. ஆக, அண்ணனிடம் சொன்னால் நான்தான் சொல்ல வேண்டும். பல நாள் அதற்கென்றே கிளம்பிப் போனேன். அவர் இளைத்த வயிற்றைத் தட்டிக் காட்டுவார். "இன்னிக்கு மூணு சுத்து, தம்பி. நிக்கவே இல்ல." அவர் மனைவி கோப்பி கொண்டுவந்து வைப்பார். குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை. படமே நின்றுபோகட்டும் என்று தண்ணீர்மலை முருகனிடம்கூட வேண்டிக்கொண்டேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

துறைமுகத்தை ஒட்டிய ஒரு பழைய கிடங்கில் படப்பிடிப்பு. அண்ணன் ஒரு நாள் லீவு போட்டு, காலில் புதுச் சப்பாத்து மாட்டி, எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றார். உதவி இயக்குநர் ஒரே ஒரு தாளை அவரிடம் கொடுத்தார். படித்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை. பிறகு என்னைப் பார்த்தார். நான் விளக்கு மாட்டுகிறவருக்கு ஏதோ உதவுவதுபோல அந்தப் பக்கம் நகர்ந்தேன்.

காடியில் ஏறுவதற்குக் கதவைத் திறக்க வேண்டும், வெடிக்கும், விழ வேண்டும். அவ்வளவுதான். ஒரே டேக்கில் முடித்துக் கொடுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். "சூப்பர் அங்கிள், நீங்க வீட்டுக்குப் போலாம்" என்றார் இயக்குநர். மணி பத்துகூட ஆகவில்லை.

முகத்தில் பூசிய கரியைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார்.

"எப்ப எழுதினீங்க, தம்பி?"

"ரெண்டு மாசம் இருக்கும்ணே."

தலையை ஆட்டினார். குரலில் கோபமே இல்லை.

"செத்தது பெருசில்லலா. அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் ஓடாமலாச்சும் இருந்திருப்பேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பாதி நாள் லீவாவது மிச்சமாகட்டும் என்று சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த ஆபீசுக்கு வேலை பார்க்கப் போய்விட்டார்.