கேரம் போர்டில் ஒரு கை

பழைய சாமானைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். காலேஜ் முடித்ததும் பிடித்த பைத்தியம் இது. வெனீர் என்று விற்கிற மெல்லிய மரத்தகட்டை நிறம் நிறமாக வெட்டி, படமாகச் சேர்த்து, யாரோ தூக்கிப்போட்ட ஸ்டூலில் ஒட்டுவேன். ரீல் போடுவேன். கமெண்டில் ஹார்ட்டாகக் கொட்டும்.

ஸ்ரீராம்புரத்தில் பெரியப்பா வீட்டுக் கட்டிலடியில் ஒரு கேரம் போர்டு கிடந்தது. ஒரு காலத்தில் அந்த ஏரியாவில் அவரை ஜெயித்தவன் இல்லை. பக்கவாதம் வந்து வலது கையை எடுத்துக்கொண்டது. அவர் பிசியோதெரபிக்குப் போயிருந்த ஒரு காலையில், போர்டை எடுத்துக்கொள்ளட்டுமா என்று பெரியம்மாவிடம் கேட்டேன்.

“எத்தினு போ. கையே போச்சு, பலகை மட்டும் எதுக்கு?”

போர்டைக் காணோம் என்று பெரியப்பா தேடினாராம். ரிப்பேருக்குப் போயிருக்கு என்று சொல்லச் சொன்னேன். ரெடியா, ரெடியா என்று தினமும் கேட்டாராம். எதற்கு இத்தனை அவசரம் என்று நான் கேட்கவில்லை. சஸ்பென்ஸ் நன்றாக வேலை செய்கிறது என்று சிரித்தேன்.

நாலு மூலைக் குழிகளையும் மரக்கட்டை வைத்து அடைத்தேன். மேலே ஸ்ட்ரைக்கரைச் சுண்டுகிற ஒரு வலது கையின் படம், அதுதான் பிளான். வெட்டிய துண்டுகளைச் சேர்த்து மேல்பக்கம் டேப் ஒட்ட வேண்டும். அவசரத்தில் அடிப்பக்கம் ஒட்டித் தொலைத்தேன். டேப் மேலே வரும்படி கவிழ்த்துப் பலகையில் பதித்து, டேப்பை உரித்தால் படம் திரும்பி, இடது கை. எந்தக் கை என்று யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். பழைய தையல் மெஷின் கால்களைப் பூட்டினேன். டீப்பாய் ரெடி.

ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் துணியை விலக்கினேன், ஒரு கையில் போன். பெரியப்பா பலகையில் இருந்த கையையே பார்த்தார். இழுத்து இழுத்துப் பேசினார்.

“உன் பெரிம்மா தெனம் வேலைக்குப் போனப்புறம் நான் லெஃப்ட்ல ஆடிப் பழகுறது உனுக்கு யாரு சொன்னா? நவம்பர்ல ராஜ்யோத்சவ விழா கேரம் மேட்ச்சுக்குப் பேரு குட்த்துக்கிறேன்.”

யாரும் சொல்லவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்குமா?

“தெரியும் பெரிப்பா. அதான் லெஃப்ட் கை வெச்சேன்.”

அவர் முகம் மலர்ந்தது. இடது கை விரலால் படத்தைத் தடவிக்கொண்டே மூலைவரை போனார். அங்கே நின்றார்.

“தெரிஞ்சிக்கினா குழிய அடைச்ச?”

பெரியம்மா முந்திக்கொண்டார்.

“டம்ளர் உள்ள விழாம இருக்கத்தான். மேட்ச்சாம். சட்டைப் பொத்தான போட நான் வேணும் இவருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

பெரியப்பா சட்டைப்பையிலிருந்து ஸ்ட்ரைக்கரை எடுத்து வைத்து, இடது கையால் சுண்டினார். நூல் பிடித்தாற்போல் மூலைக்குப் போனது. கட்டையில் மோதித் திரும்பி வந்து, நான் ஒட்டிய விரலுக்குப் பக்கத்தில் நின்றது. இன்னொரு தடவை சுண்டினார். அதே மூலை, அதே கட்டை.

“கீறல் வுழுது பாரு,” என்று பெரியம்மா ஸ்ட்ரைக்கரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டீயை வைத்தார்.

நான் போனை இறக்கவில்லை. வெளிச்சம் அருமையாக இருந்தது.