வெள்ளெருக்குக்குக் கட்டிய தாலி

என் வீட்டுக் கொல்லையில் வெள்ளெருக்கு வைத்திருக்கிறேன். "எருக்கு மொளைச்ச பாழு வீடுன்னு ஊரு பேசாதாம்மா?" என்று மகன் கோபிக்கிறான். பேசட்டும். வெயில் ஏறினதும் ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சிகள் வந்து உட்காருகின்றன. எனக்கு அது போதும். செடி வந்த கதையை அவனிடம் சொன்னதில்லை. சொல்லக் கூச்சம்.

அரிமளம் பக்கத்தில் எங்கள் ஊர். கொல்லை பூராவும் செம்பராங்கல். மண்வெட்டி போட்டால் பொறி பறக்கும். கத்தரி, வெண்டை எதுவும் பிழைக்கவில்லை. அப்பாவின் தங்கை, என் அத்தை, கண்மாய்க்கரையில் தானாக முளைப்பதையெல்லாம் பிடுங்கி வந்து நட்டார். ஆவாரை, கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு, நடுவில் ஒரு வெள்ளெருக்கு.

"ஊருல காட்டை அழிச்சு வயலாக்குறான். என் தங்கச்சி கொல்லையக் காடாக்குறா" என்பார் அப்பா. ஆனால் தண்ணீர் கேட்காத அந்தச் செடிகள் கோடையிலும் பூத்தன. பட்டாம்பூச்சிகள் வந்தபிறகு அப்பாவும் அங்கிட்டுத்தான் பல் விளக்கப் போனார்.

அத்தைக்கு மாப்பிள்ளை வந்தது. ஆலங்குடியில் கடலை மண்டி. சாதுவான மனிதர்தான், ஆனால் இரண்டு மனைவிகளைப் பறிகொடுத்தவர். மூன்றாந்தாரமும் தங்காது என்றார் சோசியர். பரிகாரமும் அவரே சொன்னார். மாப்பிள்ளை முதலில் வெள்ளெருக்குக்குத் தாலி கட்டவேண்டும். உடனே அந்தச் செடியை வெட்டிவிட வேண்டும். மூன்றாவது பெண்டாட்டி அதோடு செத்துப்போனதாகக் கணக்கு. நாலாவதாக வரும் அத்தைக்கு ஆபத்தில்லை. வெள்ளெருக்கைத் தேடி அலைய வேண்டாம், பெண் வீட்டிலேயே இருக்கிறது என்று இரண்டு பக்கமும் சந்தோஷப்பட்டார்கள்.

சின்னப்பிள்ளை எனக்குச் செடியை வெட்டப்போவது மட்டும்தான் தெரியும். இலைக்கு அடியில் பட்டாம்பூச்சிகளின் பச்சைக் கூடுகள் தொங்கின, தங்கப்பொட்டு வைத்த மாதிரி. வெட்டுகிற அன்று காலையில் நானும் அத்தையும் அந்த இலைகளைக் கிள்ளி, கருவேல முள்ளால் ஆவாரையில் குத்திவைத்தோம்.

பிறகு செடிக்கு மஞ்சள் துணி சுற்றி, பொட்டு வைத்தார்கள். செடி குள்ளம், மாப்பிள்ளை நன்றாகக் குனிந்துதான் தாலி கட்டினார். மேளம் நின்றதும் யாரோ அரிவாளை வீசினார்கள். வெட்டின இடத்தில் பால் வழிந்தது. கொல்லைக் கதவுக்குப் பின்னால் நின்று அத்தை அழுதார்.

"அழுகாதீங்க அத்தை. கூடெல்லாம் பத்திரமா இருக்கு" என்றேன். அவர் என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

கலியாணம் முடிந்து அத்தை போனபிறகு, பாத்திரம் கழுவின தண்ணீரை யாருக்கும் தெரியாமல் அந்த எருக்கின் அடிக்கட்டைக்கு ஊற்றிவந்தேன். ஆடிக்கு அத்தையை அழைத்து வந்தார்கள். வாசலிலேயே மறித்துக் கத்தினேன்.

"அத்தை! ஒங்க எருக்கு துளுத்திருச்சு!"

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. மண்வெட்டியோடு கொல்லைக்கு ஓடினார். நான் அழுதுகொண்டே பின்னால் ஓடினேன். அத்தை எங்களை முந்திப் போய்ச் செடிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

"தள்ளு. வேரோட பேத்தாத்தான் எனக்கு நிம்மதி."

"விடுங்க மதினி. எனக்காக அவ ஒரு தடவ செத்தது போதும்."

"ஒனக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிருச்சுன்னா?"

"ஆகுறது ஆகட்டும். அவளும் பொழச்சுப் போகட்டும்."

அம்மா மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

அத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமாவுக்குப் பிறகும் பல வருஷம் இருந்து, தலை நரைத்துத்தான் போனார். என் கொல்லைச் செடி அந்த எருக்கின் விதை.

ஆனால் அன்றைக்கு, 'அவ' என்று அத்தை யாரைச் சொன்னார் என்று புரியாமல் நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். கொல்லையில் எங்கள் மூவரைத் தவிர வேறு பெண்பிள்ளை யாரும் இல்லை. புதுத்தளிரில் ஒரு வரிப்புழு மட்டும் ஊர்ந்துகொண்டிருந்தது. அத்தை அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, நன்றாகத் தின்று பிழைக்கட்டும் என்று, அதை மெல்ல எடுத்துப் பெரிய இலையில் விட்டேன்.