பட்டாவில் பத்து வெட்டு

என் அத்தான், அதாவது மூத்த அக்காளின் வீட்டுக்காரர், புது வண்டி கட்டியபோது, சக்கரத்துக்கு எத்தனை கனத்தில் இரும்புப் பட்டா போடுவது என்று முடிவு செய்தவன் நான். அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்தின கோடை அது. மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். இப்போது எழுபத்தொன்பது நடக்கிறது. கட்டிலிலிருந்து வாசல்வரை பதினேழு அடி எடுத்து வைக்கிறேன். போன வருஷம் பதினான்கு அடிதான். கால் எட்டிப் போடுவது குறைந்துவிட்டது. இதையெல்லாம் எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. கோயிலில் பிரசங்கம் நடக்கும்போது கூரை ஓடுகளை எண்ணுகிறவன் என்று ஊரில் என்னைக் கேலி பேசுவார்கள். அது பொய்யில்லை.

அத்தானுக்கு நிலம் கிடையாது. ஒரு வண்டி, இரண்டு காளைகள், அக்காள், மூன்று பிள்ளைகள். சேரன்மகாதேவி வயல்களிலிருந்து ரயிலடிக்கு நெல் ஏற்றிப்போவது அவர் தொழில்; நெல்லைக் கோட்டைக் கணக்கில்தான் அளப்பார்கள். பழைய வண்டி இற்றுப்போய்ப் புது வண்டி செய்தார். ஒரு சக்கரத்துக்கு விளிம்பு மரமான வட்டை ஆறு, ஆரக்கால் பன்னிரண்டு. தச்சர் வேலை முடித்ததும், இரண்டு சக்கரங்களையும் உருட்டிக்கொண்டு கொல்லர் பட்டறைக்குப் போனோம். கணக்குப் பார்க்க என்னையும் கூட வரச்சொன்னார் அத்தான்.

பட்டறையில் இரண்டு விதமான இரும்புப் பட்டை சாத்தி வைத்திருந்தது. இரண்டும் ஒன்றரை அங்குல அகலம். ஒன்று நாலு நூல் கனம், மற்றது ஆறு நூல். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கைத்தான் ஆசாரிமார் ஒரு நூல் என்பார்கள்.

"எத்தன கோட்ட ஏத்துவீரு வே?" என்று கேட்டார் கொல்லர்.

"பத்து. மிஞ்சிப்போனா பதினொண்ணு" என்றார் அத்தான்.

"மிஞ்சிப்போற கதையெல்லாம் எங்கிட்ட வேண்டாம். பத்துன்னா நாலு நூலு. பதினஞ்சுன்னா ஆறு நூலு. பைய யோசிச்சுச் சொல்லும்."

அத்தான் ஆறு நூல் பட்டையைக் கையால் தட்டிப் பார்த்தார். அவருக்கு அதில்தான் மனம். "ஆறே போட்டிருவோமா மாப்ளே? இன்னைக்கு நெல்லு. நாளைக்கு உப்பு ஏத்தச் சொல்லுவான், கல்லு ஏத்தச் சொல்லுவான். நம்ம முடியாதுன்னு சொல்ல முடியுமா?"

நான் ஒரு கரித்துண்டை எடுத்துத் தரையில் கணக்குப் போட்டேன். சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய பதினாறு அடி. இரண்டு நூல் கூடினால் ஒரு சக்கரத்துக்கு இருபது ராத்தல், இரண்டு சக்கரத்துக்கும் நாற்பது ராத்தல் இரும்பு கூடும். வெறும் வண்டி போனாலும் அந்த நாற்பது ராத்தலை மாடு இழுத்தே தீரவேண்டும். அத்தானின் காளைகளில் சாம்பல் நிற மயிலைக்கு முன்காலில் சற்றுப் பலம் குறைவு.

"நெல்லு ஏத்துத வண்டிக்கு எதுக்கு அத்தான் அது? மயிலைக்காள ஆயுசுக்கும் நாப்பது ராத்தல சும்மா சுமக்கணுமா?" என்றேன்.

கொல்லர் சிரித்தார். "வாத்தியாரு மாட்டுக்கு வக்காலத்து வாங்குதாரு. அதுக்குக் கை இருந்தா உமக்கு ஒரு கும்பிடு போட்டிருக்கும் வே."

பிறகு என் கணக்கைக் குனிந்து பார்த்தார். அவருக்கு எழுத்து தெரியாது; ஆனால் படித்ததுபோலவே தலையாட்டினார். "நெல்லுக்கு நாலு நூலு தாராளம். பத்துக்கு மேல ஏத்திட்டு எங்கிட்ட வந்து நிக்கப்படாது. அதுதான் பேச்சு."

நாலு நூல் பட்டையை வளைத்து, இரண்டு முனையையும் காய்ச்சி அடித்து ஒட்டுப்போட்டுப் பட்டா ஆக்கினார். வரட்டியை வட்டமாக அடுக்கி, பட்டாவை அதில் பழுக்கக் காய்ச்சி, மூன்று பேர் குறட்டால் தூக்கிவந்து வட்டைமேல் இறக்கினார்கள். தண்ணீர் ஊற்றியதும் மரம் முறுக்கிக்கொண்டு சத்தம் போட்டது. எல்லாம் ஆறிய பிறகு, கொல்லர் உளியை எடுத்துப் பட்டாவின் ஓரத்தில் வரிசையாகப் பத்துச் சிறிய வெட்டு வெட்டினார். அது அவருடைய வழக்கம். எத்தனை கோட்டை தாங்குமோ அத்தனை வெட்டு. வண்டியை நாளைக்கு யார் வாங்கினாலும், எழுத்துத் தெரியாதவனும் விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு சக்கரத்திலும் வெட்டுகளை எண்ணினேன். சரியாக இருந்தது.

எங்கள் ஊர்க் கிறிஸ்தவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புதுச் சக்கரத்தின் முதல் பாரம் கோயிலுக்கு. வழக்கமாக ஆற்று மணல் ஒரு வண்டி கொண்டுவந்து தட்டுவார்கள்; அல்லது கோயிலில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அசனத்துக்கு விறகு. அதற்கு முன் எதையும் ஏற்றுவதில்லை. கோயிலுக்கு என்று போவதை அளக்கவும் மாட்டார்கள். அறுப்பின் பண்டிகையில் நெல்லைக் கொண்டுவந்து குவிக்கும்போது, யாரும் மரக்காலைக் கையில் தொடுவதில்லை. தொட்டால் அவன் கஞ்சன்.

அந்த வருஷம் கோயிலுக்குக் கோபுரம் கட்ட அஸ்திவாரம் தோண்டியிருந்தார்கள். ஊருக்கு மேற்கே இரண்டு மைலில் இருந்த பாறையில், வீட்டுக்கு ஒரு கல் என்று பதினான்கு வீட்டாரும் ஆளுக்கொரு கல் உடைத்துச் செதுக்கிப் போட்டிருந்தார்கள். அத்தானின் வண்டி தயாரானதும் கோயிலை நடத்தும் உபதேசியார் வந்து, முதல் பாரம் அந்தக் கல்தான் என்று சொல்லிவிட்டார். மணலோ விறகோ இல்லை, கல். அத்தான் என்னைப் பார்த்தார். எத்தனை கல் ஏற்றுவார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. நாலைந்து இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திரை மாதம், காலை எட்டு மணி. ஊரே பாறைக்கு வந்திருந்தது. கீர்த்தனை பாடினார்கள். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் கல்லைக் கயிறும் கம்பும் கட்டி நாலு பேராகத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். கல் ஒவ்வொன்றும் இரண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், முக்கால் அடி உயரம். ஒன்றரைக் கன அடி. கல்லுக்கு இருநூற்றைம்பது ராத்தலுக்கு மேல். கோட்டை நெல்லை நாங்கள் இரண்டு அந்தர் என்று கணக்கு வைப்போம்; ஒரு அந்தர் நூற்றுப்பன்னிரண்டு ராத்தல். பத்துக் கோட்டைக்கு இருபது அந்தர். ஒன்பதாவது கல் ஏறியதும் இருபது அந்தர் தாண்டிவிட்டது. கீழே இன்னும் ஐந்து கல் கிடந்தன.

நான் உபதேசியார் பக்கத்தில் போய், "ஐயா, ரெண்டு நடையாக் கொண்டுபோயிரலாமே" என்றேன்.

"முதல் பாரம்னா ஒண்ணுதான வே? ரெண்டாவது நடைய எப்படி முதல் பாரம்னு சொல்லுவீரு?"

"பாரம் ஜாஸ்தி, ஐயா."

அவர் கோபப்படவில்லை. கூட்டத்தைக் கையால் காட்டினார். "சரி. யாரு வீட்டுக் கல்லக் கீழ போடலாம்? பேரச் சொல்லும், நிறுத்திருவோம்."

கீழே கிடந்த ஐந்து கல்லுக்கும் பக்கத்தில் அந்தந்த வீட்டார் நின்றார்கள். பெண்கள் தலைக்கு எண்ணெய் வைத்துப் புதுச் சேலை கட்டியிருந்தார்கள். கடைசிக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றவர் என் அப்பா. நான் யார் பேரையும் சொல்லவில்லை.

கூட்டத்தில் ஒருத்தர், "ஏலே, வாத்தியாரு ஓட்ட எண்ணி முடிச்சிட்டாரு, இப்பம் கல்லுக்கு வந்துட்டாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

அத்தான் நுகத்தடிப் பக்கம் நின்று மயிலையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு, மற்றவர் காதில் விழாமல் கேட்டார்.

"என்ன மாப்ளே, தாங்குமா?"

என் விரல் அப்போது பட்டாவின் ஓரத்தில் இருந்தது. வெட்டுகளைத் தடவிக்கொண்டே நின்றேன். பதினான்கு கல்லுக்கு முப்பத்திரண்டு அந்தர். நெல்லில் பதினாறு கோட்டை. கணக்கு என் தலையில் முடிந்திருந்தது. ஆறு நூல் வேண்டாம் என்று தடுத்தவனே நான்தான். இப்போது தாங்காது என்றால், ஊர் முன்னால் அதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

"பைய ஓட்டுனா தாங்கும் அத்தான்" என்றேன்.

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. அப்பாவின் கல்லும் ஏறியது.

நான் வண்டிக்குப் பின்னால் நடந்தேன். இடது சக்கரத்தில் ஒரு ஆரக்காலில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. அது மேலே வரும்போதெல்லாம் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போனேன். மைலுக்கு முன்னூற்று முப்பது சுற்று. எண்ணிக்கொண்டிருந்தால் வேறு நினைப்பு வராது. சமதரையில் ஒன்றும் ஆகவில்லை. வாய்க்கால் கரையில் வண்டியை ஏற்றுவதற்குப் பத்துப் பேர் தோள் கொடுத்தார்கள். அந்தப் பக்கம் இறங்கும் சரிவில் தோள் கொடுக்க இடமில்லை. அத்தான் இடது பக்கம் சக்கரத்தை ஒட்டி நடந்து, கயிற்றைப் பிடித்துக் காளைகளை அடக்கிக்கொண்டு வந்தார். நானூற்றுப் பன்னிரண்டு எண்ணியிருந்தேன். சக்கரம் தரையில் பதித்திருந்த ஒரு பாவுகல்லில் இறங்கியது. பட்டா அறுந்த சத்தம் ஒரு கைத்தட்டலைவிடப் பெரிதாக இல்லை. ஒட்டு விட்டுப்போய்ப் பட்டா கழன்று ஓடியது; வட்டைகள் விரிந்தன; வண்டி இடது பக்கம் சாய்ந்தது. கற்கள் ஒவ்வொன்றாக வந்தன. முதல் கல் அவர் இடுப்பில் விழுந்தது. மயிலை அங்கேயே செத்தது.

கல்லைப் புரட்டி அவரை எடுத்துக் கட்டிலில் வைத்துத் தூக்கிவந்தோம். பாளையங்கோட்டையிலிருந்து வந்த டாக்டர் பார்த்துவிட்டு, அப்பாவை மட்டும் வெளியே கூப்பிட்டுப் பேசினார். அத்தான் ஒன்பது நாள் கிடந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஆறாம் நாள் பேச்சு தெளிவாக இருந்தது. அக்காள் கஞ்சி எடுக்கப் போயிருந்தபோது என்னிடம் கேட்டார்.

"கணக்கு எங்கன தப்பிப்போச்சு மாப்ளே?"

அவர் குரலில் குற்றம் சாட்டுவது இல்லை. நான் சொல்லித் தந்தால் புரிந்துகொள்ளலாம் என்று கேட்டார்.

"கணக்கு தப்பல அத்தான். கொல்லர் போட்ட ஒட்டு சரியில்ல."

"அப்படியா" என்றார். "நல்ல மனுசன்னுல்லா நெனச்சேன்." அக்காள் கதவருகில் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். அவளும் கேட்டுவிட்டாள். மறுநாள் அது ஊர் முழுவதும் பரவியது.

அவரை அடக்கம் செய்து இரண்டு வாரம் கழித்துக் கொல்லர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அறுந்த பட்டாவை வாய்க்கால் கரையில் போய் எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். வகுப்புக்கு வெளியே நின்று கேட்டார்.

"வாத்தியாரே, எத்தன கல்லு?"

"பதினாலு."

"கல்லு என்ன எடை?"

சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ கூட்டினார். பட்டாவின் ஓரத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பத்து வெட்டும் புதிதாக மின்னிக்கொண்டிருந்தன.

"அப்பம் ஒட்டு மேல குத்தமில்ல. உங்க ஊர்லேர்ந்து ஒரு வண்டி இப்பம் எங்கிட்ட வரமாட்டேங்குது வே. கோயில்ல வச்சு ஒரு வார்த்த சொல்லுவீரா?"

"சொல்லுதேன்" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சொல்ல நினைத்தேன். அக்காள் வெள்ளைச் சேலையில், மூன்று பிள்ளைகளோடு, எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அடுத்த வருஷம் கொல்லர் பட்டறையை மூடிவிட்டுச் சாத்தான்குளம் பக்கம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அக்காள் என் வீட்டில் ஐம்பத்துநான்கு வருஷம் இருந்தாள். பிள்ளைகளை நான் படிக்கவைத்தேன். கொல்லர் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவாள். போன ஐப்பசியில்தான் அவள் காலமானாள்.

கற்களை வேறு வண்டியில் மூன்று நடையாகக் கொண்டுவந்தார்கள். கோபுரம் எழும்பிவிட்டது. அடிவரிசையில் வெளியே தெரிகிற கற்கள் பதினொன்று; மூன்று மண்ணுக்குள் இருக்கின்றன. எங்கள் வீட்டுக் கல் எது என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு நான் அதை மட்டுமாவது நிறுத்தியிருக்கலாம்.

பட்டா பத்துக் கோட்டைக்கு. பாரம் பதினாறு. கொல்லர் போட்ட ஒட்டில் பிழை இல்லை.