சம்மனசின் முகம்

என் மகளுக்கு ஏழு வயது. வாய்க்கு மட்டும் எழுபது. போன மாதம் அம்மா வீட்டு அலமாரியைச் சுத்தம் செய்தபோது என் பழைய படப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அதை மடியில் வைத்து நாலு பக்கம் புரட்டியதுமே கேட்டாள், "அம்மா, கெட்டவங்க எல்லாம் ஏன் நம்ம கலர்ல இருக்காங்க?"

வாங்கிப் பார்த்தேன். வானத்திலிருந்து இறக்கையோடு இறங்கி வரும் சம்மனசுகள் எல்லாம் சுண்ணாம்பு வெள்ளை, கன்னத்தில் ரோஸ். பழம் திருடுகிறவன், பொய் சொல்கிறவன், பிள்ளை பிடிக்கிறவன் எல்லாரும் கரிக்கட்டை. வரிக்கு வரி மனப்பாடமாக இருந்த புத்தகம்தான். அந்தக் கேள்வி எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

அதை வாங்கித் தந்தவர் அப்பா. ஃபெர்ரி ஏறி அக்கரைக்குப் போய், மாக் மண்டின் தொழிற்பேட்டை இரும்புப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தார். அவருக்கும் எனக்கும் ஒரே நிறம், ஒரே மூக்கு. அம்மா பக்கத்து ஆட்கள் அதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பார்கள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

அவர் அதை வாங்கித் தந்த வருடம் மாதா திருநாளில், தேருக்கு முன்னால் இறக்கை கட்டி நடக்கும் சம்மனசுகளில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் ஒப்பிட்டுப் பார்த்தேன். இறக்கை சரி, கவுன் சரி, முகம்தான் ஒத்துவரவில்லை. அதற்கென்ன, அம்மாவின் பெடாக் செஜுக் இருக்கிறதே. வெயில் சூட்டுக்குப் பூசும் அந்த அரிசிமாவு உருண்டைகளை ஒரு கிண்ணம் நிறையக் கரைத்து, முகம், கழுத்து, கை என்று ஓர் இடம் விடாமல் அப்பிக்கொண்டேன். அம்மா தேருக்குப் பூ கட்டப் போயிருந்தாள். கேட்க ஆள் இல்லை.

கோயில் வாசலைத் தாண்டுவதற்குள் வேர்த்துக் கொட்டியது. கையில் மெழுகுவத்தி வேறு. மாவு வரிவரியாக வழிய, இடையிடையே என் சொந்த நிறம் எட்டிப் பார்த்தது. மாமாதான் ஆரம்பித்து வைத்தார், "சம்மனசு சாயம் போகுது லா" என்று. பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எப்போதும் கூடச் சிரிக்கிற அப்பா அன்றைக்குச் சிரிக்கவில்லை. என்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போய், கைக்குட்டையை நனைத்து வெகுநேரம் துடைத்துவிட்டார். எல்லாரும் சந்தோஷமாக இருக்கும்போது இவருக்கு மட்டும் என்ன வந்தது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அடுத்த வாரம் ஒருநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் என் படப் புத்தகம். கையில் என் கலர் பென்சில். பட்டறையில் இரும்பு தூக்கிக் காய்த்த விரல்கள், கோடு தாண்டாமல் அவ்வளவு பதமாக நகர்ந்தன. பெரிய சம்மனசின் முகம் முழுக்கப் பழுப்பு நிறமாகியிருந்தது.

"இப்போ பாரு, யாரு மாதிரி இருக்கு?" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

நான் வீடு அதிர அழுதேன். "என் சம்மனச அசிங்கமாக்கிட்டீங்கப்பா."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு, "அழாத லா. அப்பா அழிச்சிடுறேன்" என்று என் பையிலிருந்து ரப்பரை எடுத்தார்.

இப்போது மகள் அந்தப் பக்கத்துக்கு வந்துவிட்டாள். காகிதம் தேய்ந்து திட்டுத்திட்டாகக் கிடக்கும் இடத்தைத் தடவி, "இந்த ஏஞ்சலுக்கு ஏம்மா மூஞ்சியே இல்ல?" என்கிறாள். பதில் சொல்ல அப்பா இல்லை.

கலர் பென்சில் லேசில் அழியாது. அன்றைக்கு அப்பா குனிந்து, துகளை ஊதி ஊதித் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் காட்டினேன். "இங்க இன்னும் இருக்குப்பா. இங்கயும்." அவர் யாருடைய முகத்தை அழிக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. சுத்தமாக அழிக்கிறாரா என்பதுதான் என் கவலையாக இருந்தது.